கலாமணியின் வலது கை

ஊஞ்சக்காட்டில் அந்த வருஷம் ஆடிக் காற்று வந்தபோது, எப்போதும்போலக் கூரைத் தகரங்களைத் தூக்கிப் பார்த்தது, முருங்கை மரங்களை ஒடித்துப் போட்டது, காயப்போட்ட சேலைகளை ஒரு வீட்டுக் கொடியிலிருந்து இன்னொரு வீட்டுக் கொடிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது, அதோடு நிற்காமல் சனங்களின் உள்ளங்கையில் இருந்த ரேகைகளையும் கிளப்பிக்கொண்டுபோய் ஆளுக்கு ஆள் மாற்றிப் போட்டுவிட்டது. விடிந்ததும் பல்பொடியை உள்ளங்கையில் கொட்டியவர்கள்தான் முதலில் பார்த்தார்கள். கை அதே கை, விரல் அதே விரல், மோதிரமும் அதே மோதிரம். நடுவில் ஓடுகிற கோடுகள் மட்டும் யாருடையவோ. சிலர் சோப்புப் போட்டுத் தேய்த்தார்கள், சிலர் சீயக்காய் போட்டுப் பார்த்தார்கள். போகவில்லை என்றதும், சரி, வந்தது வந்துவிட்டது, வேலைக்கு நேரமாகிறது என்று பல்லை விளக்கிவிட்டுக் கிளம்பினார்கள்.

ரேஷன் கடை மெஷினில் பெருவிரலை வைத்தால் அது பழைய பெயரையே சொன்னது. விரல் நுனிகளைக் காற்று தொடவில்லை போலிருக்கிறது. ஆகவே அரசாங்கத்தைப் பொறுத்தவரை ஊஞ்சக்காட்டில் எதுவும் நடக்கவில்லை. துவரம்பருப்பு வழக்கம்போல அடுத்த வாரம் வரும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

ஆனால் நடந்தது நடந்ததுதான். இரண்டு மூன்று நாளில் அதன் போக்கும் பிடிபட்டுவிட்டது. காற்று ஜோடி ஜோடியாகத்தான் மாற்றியிருந்தது: இவர் ரேகை அவரிடம் என்றால் அவர் ரேகை இவரிடம். பஸ்ஸில் சில்லறை வாங்குகிறவர்கள் கண்டக்டரின் கையைப் புரட்டிப் பார்த்தார்கள், பேச்சுவார்த்தை அறுந்துபோன பங்காளிகள் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று கையை விரித்துக் காட்டிக்கொண்டார்கள், பெண் பார்க்கப் போனவர்கள் பலகாரத்தைத் தொடுவதற்கு முன் கையைக் காட்டச் சொன்னார்கள். ஊஞ்சக்காடோ போர் வண்டிக்காரர்களின் ஊர். திருச்செங்கோட்டைச் சுற்றியுள்ள மற்ற ஊர்களைப் போலவே இங்கேயும் வீட்டுக்கு ஓர் ஆண்பிள்ளை ஆழ்துளைக் கிணறு போடும் வண்டியில் ஏறி வடக்கே போய், பாஷை தெரியாத ஊர்களில் அடுத்தவன் நிலத்தில் தண்ணீர் வரவழைத்துவிட்டு, பொங்கலுக்கு ஒரு தரம், மாரியம்மன் நோம்பிக்கு ஒரு தரம் வீட்டுக்கு வந்து போவான். அந்தக் காற்று அத்தனை தூரமும் போயிருந்தது. மத்தியப் பிரதேசத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் போன் வந்தது. "ஏனுங், உங்க கையில யாரு ரேகைங்க இருக்குது? போட்டோ எடுத்து அனுப்புங், பார்க்கலாம்" என்று தெருவெல்லாம் பெண்கள் போனுக்குள் கத்திக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் லாரி டிரைவரின் ரேகையைச் சுமந்துகொண்டு ஜபல்பூரில் ஒருத்தன் ராடு மாட்டிக்கொண்டிருந்தான்.

அப்புறம் ஒரு காலையில் டீ மாஸ்டர் வெள்ளியங்கிரி டீ ஆற்றும்போது குவளையின் சூடான காது பட்டு, வலது உள்ளங்கையில் ஆள்காட்டி விரலுக்கு அடியில் பொத்துப்போனது. டீ மாஸ்டர்களுக்கென்றே அளந்து வைத்த இடம் அது. அதே நிமிஷத்தில் பள்ளிக்கூடத்தில் சாக்பீஸ் பிடித்திருந்த எமிலி டீச்சர் "ஆ" என்று அலறிக் கையை உதறினார். பார்த்தால் அதே இடத்தில் அதே கொப்புளம். ஜோடி சேர்ந்த கைகளில் ஒன்றுக்குப் படுவது மற்றதற்கும் படும் என்று அன்றைக்குத் தெரிந்தது. சோனியம்மாள் வீட்டுப் பெண் விவரம் தெரியாமல் ஆடி மருதாணி வைத்துக்கொள்ள, மீசை நரைத்த கண்டக்டர் சிவந்த கையோடு ஒரு வாரம் டிக்கெட் கிழித்தார்.

அதற்குப் பிறகு ஊர் சனங்கள் தங்கள் கையையே அடுத்த வீட்டுக் குழந்தையைத் தூக்கி வைத்திருப்பது போல நடத்தினார்கள். கரித்துணி இல்லாமல் ஒருத்தியும் அடுப்பிலிருந்து சட்டியை இறக்கவில்லை. பி.டி. வாத்தியார் பிள்ளைகளை அறைவதை நிறுத்திவிட்டார், யாருக்கு வலிக்குமோ என்று பயந்து. அந்த ஆடியில் அப்புறம் பெண்கள் யாரும் மருதாணி அரைக்கவில்லை, மரத்தில் இலை அப்படியே இருந்தது.

கலாமணிக்கு மட்டும் தன் கையில் இருக்கும் ரேகை யாருடையது என்று தேட வேண்டிய வேலை இருக்கவில்லை. பார்த்ததும் தெரிந்துவிட்டது. நாற்பதைத் தொடப்போகிற வயது அவளுக்கு. தறிப்பட்டறையில் தார் சுற்றுகிறவள், அதாவது தறி நாடாவுக்குள் போகிற சின்னக் கட்டைகளில் நூல் சுற்றிக் கொடுக்கிறவள். அன்று காலை வாசல் தெளிக்க வாளியைத் தூக்கியவள், இடது உள்ளங்கையில் பெருவிரல் மேட்டிலிருந்து குறுக்கே ஓடிய தழும்பைப் பார்த்தாள். வாளியைக் கீழே வைத்தாள். போர் வண்டியில் ராடு கழற்றும்போது ஸ்பேனர் சாவி நழுவிக் கிழித்த தழும்பு அது. மஞ்சள் அரைத்துப் பற்றுப் போட்டவளே அவள்தான். அது ஆறிவந்த நாட்களில் சோறு பிசைந்து ஊட்டியவளும் அவள்தான், வலது கை நன்றாகத்தான் இருந்தது என்றாலும்.

மாதேஸ்வரனின் கை. அவள் புருஷன்.

அவன் காணாமல் போய்ப் பல ஆடிகள் ஆகிவிட்டன. வண்டி சத்தீஸ்கரில் எங்கேயோ போய்க்கொண்டிருந்தபோது ஒரு டீக்கடையில் நிறுத்தினார்கள், எல்லோரும் இறங்கி டீ குடித்தார்கள், எல்லோரும் ஏறினார்கள், அவன் மட்டும் ஏறவில்லை. கூட இருந்தவர்கள் நாள் முழுக்கத் தேடினார்கள், பாஷை தெரியாத போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தார்கள், பிறகு வண்டியை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். அங்கே ஒருத்தியோடு குடும்பம் நடத்துகிறான் என்று சிலர் சொன்னார்கள். லாரி அடித்திருக்கும் என்று சிலர் சொன்னார்கள். கலாமணி இரண்டையும் நம்பவில்லை, இரண்டையும் மறுக்கவும் இல்லை. டீ குடிக்கத்தானே இறங்கினார் என்று மட்டும் சொல்வாள். அப்படிச் சொல்லும்போது, இதோ குடித்து முடித்துவிட்டு வந்துவிடுவார் என்பது போல இருக்கும்.

ஒவ்வொரு தடவை வண்டி ஏறுவதற்கு முன்பும் அவன் ஒரு காரியம் செய்வான். அவள் இடது கையை இழுத்துத் தன் முழங்காலில் வைத்து, பால்பாயிண்ட் பேனாவால் உள்ளங்கையில் ஒரு லாரி வரைவான். ஒரு பெட்டி, ஒரு முகம், இரண்டு சக்கரம். முகம் விரல் நுனியைப் பார்த்து இருக்கும். போகிற லாரி. "வர்ற லாரி எப்படிங்க இருக்கும்?" என்று ஒரு தரம் கேட்டாள். "முகத்த இந்தப் பக்கம் திருப்பணும் கண்ணு, வேறென்ன" என்று அவள் மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினான். வந்து வரைந்து காட்டுகிறேன் என்றான். வந்தபோதெல்லாம் அது இருவருக்குமே மறந்துபோனது.

இப்போது அந்தக் கையே வந்து அவள் கையில் இருந்தது. பட்டறையில் நூல் அறுத்துவிடக் கூடாதென்று, நூல் பிடிக்கிற வலது கையைப் பழைய வேட்டித் துணியால் சுற்றிக்கொண்டாள். இடது கையை யாரும் பார்க்காதபோது கன்னத்தில் வைத்துக்கொண்டாள். உறங்கும்போது அதைத் தலைக்கு அடியில் வைக்காமல் தலையணை மேல் தனியாக வைத்தாள். அவள் பட்ட ஏக்கத்தை இத்தனை வருஷமும் எங்கே கொண்டுபோய் இறக்குவதென்று தெரியாமல் சுமந்திருந்தாள். இப்போது இறக்கி வைக்க ஓர் இடம் கிடைத்தது, அதுவும் ஒரு கையகலத்தில்.

அக்கம்பக்கத்தில் சொன்னார்கள், "ஒரு கோடு கிழிச்சுப் பாரு அம்மிணி, உசுரோட இருந்தா அவியளும் திருப்பிக் கிழிப்பாங்கல்ல." அவள் கிழிக்கவில்லை. கிழித்து, பதில் வராவிட்டால்? அந்தப் பயம் அவளுக்கு. அவனுக்குப் படுவது ஏதாவது தானாகவே இந்தக் கையில் வந்து விழாதா என்று இடது கையையே பார்த்துக்கொண்டு இருந்தாள். ஒரு கீறலும் வரவில்லை, ஒரு சூடும் வரவில்லை. செத்தவர்களின் ரேகையையும் காற்று எடுத்து வருமா என்று டீக்கடையில் பெரிய விவாதம் நடந்தது. வராது என்றார்கள் பாதிப்பேர். வரும் என்ற பாதிப்பேர் கலாமணி அந்தப் பக்கம் போனால் பேச்சை மாற்றினார்கள்.

அவளுடைய கொழுந்தன் பொங்கியண்ணன் ஒரு சாயங்காலம் வந்து வாசலிலேயே நின்றான். அண்ணன் காணாமல் போனதிலிருந்து அவளுக்கு எல்லாவற்றுக்கும் ஓடிவருகிறவன். நல்லவன், அதனால்தான் அவன் சொன்னது அவளுக்கு அதிகம் வலித்தது.

"அண்ணி, வர்ற அமாவாசைக்கு பவானி போலாமுங்க. அண்ணனுக்கு எள்ளுந் தண்ணியும் விட்டுரலாம்."

அவள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அவன் குடிக்கவில்லை.

"எங்கயோ தவிச்ச வாயோட நின்னுட்டிருந்தாருன்னா? நெனைச்சா சோறு எறங்க மாட்டேங்குதுங்க அண்ணி. எத்தன வருசந்தான் தண்ணி குடுக்காம இருக்கறது?" என்று சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். தண்ணீர் விட்டுவிட்டால் அதன் பிறகு நெற்றியில் பொட்டு எப்படி, கழுத்தில் தாலி எப்படி என்பதை அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. இருவருக்கும் தெரியும்.

"அமாவாசைக்குள்ள சொல்றனுங்க தம்பி" என்றாள்.

அந்த வாரம்தான் டைப்ரைட்டிங் மாஸ்டர் சபாபதி வகுப்பு ஆரம்பித்தார். அவருடைய இன்ஸ்டிடியூட்டில் டைப் அடிக்க ஆள் வந்து வெகுநாளாகிவிட்டது. ஊரே கையும் ரேகையுமாக அலைவதைப் பார்த்து, பஸ் ஸ்டாண்டில் தொங்கிய கைரேகைப் புத்தகம் ஒன்றை வாங்கி வந்து, மெஷின்களை உறை போட்டுச் சுவரோரம் ஒதுக்கிவிட்டு, பெஞ்சைப் போட்டுவிட்டார். அவர் கையில் இருந்தது போன மாதம் பிறந்த ஒரு குழந்தையின் ரேகை. அதில் படிக்க அவ்வளவாக ஒன்றும் இல்லாததால் மற்றவர் கைகளைப் படிக்க அவருக்கு நிறைய நேரம் இருந்தது. பாடம் நடத்துவதற்கு அரைமணி முன்னால் அந்தப் பாடத்தை அவரே படிப்பார். ஆனாலும் மாஸ்டர் மாஸ்டர்தான். பிரம்பு இல்லாமல் பேச மாட்டார்.

கலாமணி கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். உலகத்தில் இருக்கிற எல்லாக் கைகளையும் படிக்க அவளுக்கு ஆசை இல்லை. ஒரே ஒரு கை. அதிலும் ஒரே ஒரு கோடு.

"பொண்ணுக்கு இடது கை, ஆணுக்கு வலது கை. இதுதான் மொதப் பாடம்" என்று மாஸ்டர் பிரம்பைத் தூக்கி, ஜன்னலுக்கு வெளியே தூரத்தில், பாதி ஆணும் பாதி பெண்ணுமாகச் சாமி நிற்கிற திருச்செங்கோட்டு மலையைக் காட்டினார். "சந்தேகம்னா மேல இருக்கறவரப் பாருங்க. இடப்பக்கம் அம்மா, வலப்பக்கம் அய்யா. ஆண்டவனே பிரிச்சுக் குடுத்துட்டாரு."

கண்டக்டர் எழுந்தார். அவர் கையில் இன்னும் மருதாணி முழுக்க மங்கவில்லை. "மாஸ்டர், என்ற கையில இருக்கறது பொம்பளப் புள்ள ரேகைங்க. நானு எந்தக் கையப் பாக்கறது?"

மாஸ்டர் புத்தகத்தைப் புரட்டினார். முன்னால் புரட்டினார், பின்னால் புரட்டினார். ரேகைகள் இருந்த இடத்தில் இருந்த காலத்தில் எழுதிய புத்தகம் அது, பாவம். "அதுக்கெல்லாம் இதுல தனியா இல்லீங்க. கை யாருதோ அவிய கணக்குத்தான்" என்று முடித்துவிட்டார். எல்லோரும் தலையாட்டினார்கள். ஊஞ்சக்காட்டில் அன்றிலிருந்து ஆண்கள் வலது கையையும் பெண்கள் இடது கையையும் பார்த்துப் பார்த்து, அடுத்தவருடைய வாழ்க்கையைத் தப்பான பக்கத்திலிருந்து படித்துக்கொண்டிருந்தார்கள். கலாமணியும் அப்படித்தான் படித்தாள்.

பாடம் நன்றாகவே நடந்தது, குறை சொல்ல முடியாது. விரல்களுக்கு அடியில் மேலே ஓடுவது இருதய ரேகை, அதற்குக் கீழே குறுக்கே போவது புத்தி ரேகை, நடுவே செங்குத்தாக ஏறுவது விதி ரேகை, அது எல்லோருக்கும் இருக்காது, இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. பெருவிரலின் அடியில் மெத்தென்று இருப்பது சுக்கிர மேடு, பாசம் குடியிருக்கிற இடம். ஒரு கையை எடுத்ததும் கோட்டைப் பார்க்கக் கூடாது, முதலில் கையின் சூட்டைப் பார்க்க வேண்டும், பிறகு கனத்தை, பிறகு விரல்கள் தாமாக எவ்வளவு விரிகின்றன என்பதை. கேட்கிறவர் முகத்தைப் பார்க்கவே கூடாது. கலாமணி இருதய ரேகையைத் தொட்டுப் பார்த்தாள். ஆள்காட்டி விரல் வரை நீண்டு போயிருந்தது. பாசக்காரர்தான், தெரிந்த விஷயம்தானே என்று நினைத்துக்கொண்டாள்.

அப்புறம் அந்தப் பாடம் வந்தது. "பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல கிளம்பி, சுக்கிர மேட்டச் சுத்திக்கிட்டு மணிக்கட்டப் பாத்து எறங்கறது ஆயுள் ரேகை. ஆழமா, அறுபடாம போச்சுன்னா தீர்க்காயுசு. அறுந்துச்சுன்னா..." மாஸ்டர் கரும்பலகையில் ஒரு கோட்டைப் போட்டு நடுவில் விரலால் அழித்தார்.

கலாமணி விரலை வைத்து அந்தக் கோட்டின் மேல் நடந்தாள். கிளம்பிய இடத்தில் நன்றாகத்தான் இருந்தது. மேட்டைச் சுற்றி வளைந்தது. தழும்பு வரைக்கும் வந்தது. தழும்புக்கு அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை. வெறும் தோல். திரும்பவும் முதலிலிருந்து நடந்தாள், திரும்பவும் அங்கேயே நின்றாள். வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு கையை மாஸ்டரிடம் நீட்டினாள். மாஸ்டர் பார்த்தார். முகத்தைப் பார்க்கக் கூடாது என்ற பாடத்தை அவர் மறந்து அவள் முகத்தைப் பார்த்துவிட்டார்.

"இது ஆரம்பப் பாடந்தானுங்க அம்மிணி. நானே இன்னும் பாதிப் புஸ்தகந் தாண்டல" என்றார்.

"சொல்லுங்க மாஸ்டர்."

அவர் பிரம்பை எடுத்து மூலையில் வைத்தார்.

அவள் வீட்டுக்குப் போகும் வழியிலேயே பொங்கியண்ணன் வீட்டுக்குப் போனாள். "அமாவாசைக்குப் போலாமுங்க தம்பி" என்றாள். திரும்பி வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, இடது கையை மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். இத்தனை வருஷம் அழாததையும் சேர்த்து அழுதாள்.

அமாவாசைக்கு முன்னால் மோட்டார் பழுதென்று பட்டறையை நாலைந்து நாள் மூடியிருந்தார்கள். அந்த நாட்களில் கலாமணி நூலைத் தொடவில்லை, பாத்திரம் கூடத் தேய்க்கவில்லை; அடுத்த வீட்டிலிருந்து சோறு வந்தது. வலது கையில் சுற்றிய துணியை அவிழ்க்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. எதற்காகச் சுற்றினோம் என்பதே மறந்துபோனவளாய் இருந்தாள்.

பவானி கூடுதுறையில் ஆடி அமாவாசைக் கூட்டம். ஆறு நிறைய ஆள், ஆள் நிறைய ஈரத்துணி. அவரவர் தங்கள் செத்தவர்களின் பெயரைச் சொல்லிக்கொண்டு நின்றார்கள். பொங்கியண்ணன் ஐயர் ஒருவரைப் பிடித்து, படித்துறையில் இடம் பிடித்து, அண்ணன் பெயரைச் சொன்னான். 

"சம்சாரம் வந்திருக்காளா? வலது கையை நீட்டச் சொல்லுங்கோ. எள் வாங்கிக்கட்டும்" என்றார் ஐயர்.

கலாமணி இடது கையை நீட்டினாள், அவளுக்கு இருந்தது அந்த ஒரு கைதான் என்பது போல. "வலது கைம்மா, வலது கை. தண்ணி அந்தக் கையாலதான் விடணும்" என்றார். துணியை அவிழ்த்தாள். ஐயர் எள்ளைப் போட்டு, செம்பிலிருந்து தண்ணீரை ஊற்றினார். உள்ளங்கைக் குழியில் ஆற்றுத் தண்ணீர் நின்றது, எள் ஓரமாக ஒதுங்கியது, தண்ணீருக்கு அடியில் கோடுகள் தெரிந்தன.

ஆயுள் ரேகை கிளம்பிய இடத்திலிருந்து ஒரு தடங்கலும் இல்லாமல், மேட்டைச் சுற்றி, ஆழமாக, மணிக்கட்டு வரை இறங்கி, மணிக்கட்டையும் தாண்டிப் போகப் பார்த்தது.

மாஸ்டரின் முதல் பாடம் அவளுக்கு ஞாபகம் வந்தது. ஆணுக்கு வலது கை. இந்தக் கை அவளுடையதாக இருக்கலாம், ரேகை ஆம்பிளையுடையதல்லவா. மலைமேல் இருக்கிற அய்யா வலது பக்கம் அல்லவா நிற்கிறார். இத்தனை நாளும் அவனுடைய இடது கையைப் படித்து அவனைச் சாகடித்துவிட்டு, உயிரோடு இருக்கிற கையைத் துணி சுற்றி வைத்திருந்தோமே என்று நினைத்தாள். இன்னும் ஒன்று கண்ணில் பட்டது. ஆள்காட்டி விரலுக்கு அடியில், எரிந்துகொண்டு, ஈரம்கூட வற்றாத ஒரு கொப்புளம். வெள்ளியங்கிரிக்குப் பட்ட அதே இடம். அதைச் சுற்றிப் பழைய காய்ப்பு, சின்னச் சின்னச் சூட்டுப் புள்ளிகள். எரிந்தபோதெல்லாம் நூல் அறுத்தது என்று நினைத்துத் துணியைப் போட்டு மூடியிருந்தாளே, அத்தனையும். நாலைந்து நாளாக அவள் நூலைத் தொடவில்லை. காலையில் துணிக்குள் சுருக்கென்றது இப்போதுதான் ஞாபகம் வந்தது. இந்தக் கொப்புளம் இன்று காலையில் வந்தது.

கையைக் கவிழ்த்துத் தண்ணீரைப் படியில் கொட்டினாள்.

"அண்ணி!" என்றான் பொங்கியண்ணன்.

"நிறுத்துங்க தம்பி. உங்கண்ணன் எங்கயோ டீ ஆத்திட்டு இருக்காரு."

"ஆசையில பேசறீங்க அண்ணி."

"ஆசையிலதாம் பேசறேன். இதப் பாருங்க." கையை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இது நூலு அறுத்ததுங்களா? நானெங்க டீக்கடை வெச்சிருக்கேன்?"

அவன் பார்த்தான்.  பிறகு அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அண்ணியின் கையை அவன் அதற்கு முன் தொட்டதில்லை. அப்போதும் அண்ணன் கையைத்தான் தொட்டான். ஐயர் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, "எடுத்து வச்ச எள்ளை வீணாக்க வேண்டாம், அப்பா பேருக்கு விட்டுடுங்கோ" என்றார். அப்படியே விட்டார்கள்.

செய்தி அவர்களுக்கு முன்னால் பஸ் ஏறி ஊருக்கு வந்துவிட்டது. சபாபதி மாஸ்டர் கரும்பலகையை முழுக்க அழித்துவிட்டு, முதல் பாடத்தை மறுபடியும் நடத்தினார். ரேகை யாருதோ அவிய கணக்கு. ஊரே கையை மாற்றிப் பிடித்தது. கண்டக்டர் தன் இடது கையைப் பார்த்துவிட்டு, சோனியம்மாள் வீட்டுப் பெண்ணுக்கு வெளிநாட்டு யோகம் இருக்கிறதென்று போய்ச் சொல்லி, காபி குடித்துவிட்டு வந்தார்.

மறுநாள் மத்தியானம் கலாமணி எமிலி டீச்சர் வீட்டுக் காம்பவுண்டில் மருதாணி பறித்தாள். ஊரில் யாரும் அரைக்கத் துணியாத மருதாணியை அவள் அம்மியில் வைத்து அரைத்தாள், வலது உள்ளங்கையின் நடுவே ஒரு பெரிய வட்டம் வைத்தாள், சுற்றிலும் பொட்டுப் பொட்டாக வைத்தாள், கல்யாணத்துக்கு முதல் நாள் வைத்தது போலவே. பயம் இருந்தது. அங்கே ஒருத்தி இருந்து, இது என்ன கையெல்லாம் என்று கேட்டால் அவன் என்ன சொல்வான் என்றும் நினைத்தாள். இருந்தால் கேட்கட்டும் என்றும் நினைத்தாள். தெருப் பெண்கள் வந்து சுற்றி உட்கார்ந்தார்கள், ஈ விரட்டினார்கள், தண்ணீர் குடிக்க வைத்தார்கள். கழுவியபோது நன்றாகப் பிடித்திருந்தது. எங்கேயோ ஒரு டீக்கடையில், பால் பொங்குகிற நேரத்தில், ஓர் ஆம்பிளையின் கை தானாகச் சிவந்திருக்கும். குடிக்க வந்தவர்கள் சிரித்திருப்பார்கள். அவன் சிரித்திருக்க மாட்டான்.

பிறகு அவள் காத்திருந்தாள். வலது கை பேசியாகிவிட்டது, இனி எந்தக் கையில் பதில் வருமோ என்று இரண்டையும் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. காற்று தணியத் தொடங்கியது. தகரங்கள் ஆடுவது குறைந்தது, சேலைகள் போட்ட கொடியிலேயே காய்ந்தன, ரேகைகள் ஒவ்வொன்றாகச் சொந்தக் கைக்குத் திரும்பின. எமிலி டீச்சருக்கு அவருடையது வந்துவிட்டது. மாஸ்டர் தன் பழைய கையைப் பார்த்துவிட்டு, அந்தக் குழந்தையுடையதே தேவலை என்றார். கலாமணி காற்றிடம் கெஞ்சினாள், வாய்விட்டே கெஞ்சினாள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று.

ஆடி முடியப்போகிற ஒரு காலையில் பட்டறையில் தார் சுற்றிக்கொண்டிருந்தபோது அவளுடைய இடது உள்ளங்கை கூசியது. விரித்தாள். நீலமாக ஒரு கோடு வந்துகொண்டிருந்தது. பேனா எழுதாமல் நின்று, பிறகு எழுதி, பிறகு நின்று, ரொம்ப நாளாகப் பேனா பிடிக்காத கையின் கோடு. முதலில் பெட்டி வந்தது. தழும்பின் மேலேயே ஏறி வந்தது. அவள் தார்க்கட்டையைக் கீழே போட்டாள். மேஸ்திரி சத்தம் போட வந்தவர், அவள் கையைப் பார்த்து, தறிகளை ஒவ்வொன்றாக நிறுத்தச் சொன்னார். அத்தனை தறியும் நின்ற பிறகு பட்டறைக்குள் வெளியே வீசுகிற கடைசிக் காற்றின் சத்தம் மட்டும் கேட்டது.

பெட்டிக்குப் பிறகு முகம் வந்தது. எந்தப் பக்கம் என்று பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. கண்ணை மூடித் திறந்தாள். முகம் அவள் மணிக்கட்டைப் பார்த்து இருந்தது.

பிறகு ஒரு சக்கரம் வந்தது. சுற்றிச் சுற்றி, அழுத்தி அழுத்தி வந்தது. அது முடிந்தது. இன்னொன்றுக்காக எல்லோரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெளியே காற்று நின்றுவிட்டது. வேப்ப இலை ஒன்றுகூட அசையவில்லை. தழும்பு மெல்ல மங்கியது, கோடுகள் நகர்ந்தன, அவளுடைய சொந்த ரேகைகள் அவளிடம் வந்து படுத்துக்கொண்டன. இத்தனை நாள் எங்கேயோ இருந்துவிட்டு வந்ததால் அவற்றில் பால் பொங்கி வழிந்த வாசனை அடித்தது. மையில் வரைந்தது மட்டும் போகவில்லை, ஒற்றைச் சக்கரத்தோடு அப்படியே நின்றது.

"அய்யோ, அரைகொறையா நின்னு போச்சே" என்றாள் பக்கத்தில் நின்றவள்.

கலாமணி மேஸ்திரியின் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தாள். இடது கையைத் தன் முழங்காலில் வைத்து, மருதாணி சிவந்த வலது கையால் இரண்டாவது சக்கரத்தைத் தானே வரைந்தாள்.